இத்தாலியன் கற்க எங்கே தொடங்குவது: செயலியா, கேட்டுப் பழகும் பாடமா, ஆசிரியரா?

இத்தாலியன் கற்றுக்கொள்ளலாம் என்று யோசிக்கிற எல்லோரும் முதலில் கேட்பது "நல்ல ஆப் எது?" என்பதைத்தான். நான் பதிலுக்குக் கேட்பது, எதற்காகக் கற்கிறீர்கள் என்று. மிலானோவுக்கோ தோரினோவுக்கோ ஆங்கில வழியில் முதுகலை படிக்கப் போகிறவருக்கு வகுப்பறையில் இத்தாலியன் தேவைப்படாது, ஆனால் போய் இறங்கிய 8 வேலை நாளுக்குள் தங்குமிட அனுமதி விண்ணப்பத்தைத் தபால் நிலையத்தில் கொடுக்க வேண்டும், அங்கே கவுன்ட்டரில் இருப்பவர் ஆங்கிலம் பேசுவார் என்று நம்பிப் போகக் கூடாது. பலெர்மோவில் ஏற்கெனவே வேலை செய்துகொண்டிருக்கும் நம் ஆள் ஒருவருக்குத் தேவை வேறு, அவருக்கு அரசு கேட்கும் ஏ2 அல்லது பி1 சான்றிதழ் வேண்டும் (ஐரோப்பிய மொழி அளவுகோலில் ஏ2 தொடக்க நிலை, பி1 அதற்கு அடுத்த நிலை). ஆர்வத்துக்காகப் படிக்கிறவருக்குக் கெடு எதுவும் இல்லை, அதனாலேயே அவர்தான் பாதியில் விடுவதற்கு அதிக வாய்ப்பு. மூன்று பேருக்கும் ஒரே வழியைச் சொல்ல முடியாது.

வழிகளுக்குப் போவதற்கு முன் ஒரு விஷயம். நமக்குக் கிடைக்கும் பெரும்பாலான இத்தாலியன் பாடங்கள், செயலியோ புத்தகமோ, ஆங்கிலம் பேசுகிறவர்களை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை. ஆங்கிலேயருக்கு எது கஷ்டமோ அதைத்தான் அவை நிறுத்தி நிதானமாக விளக்கும். தமிழருக்கு அதில் பாதி விளக்கமே தேவையில்லை, நமக்குத் தேவையான வேறு சில விளக்கங்கள் அதில் இருக்கவும் இருக்காது. இதைத் தெரிந்துகொண்டு தேர்ந்தெடுத்தால் நிறைய நேரம் மிச்சமாகும்.

உதாரணமாக 'மி பியாச்சே இல் கஃபே' என்றால் எனக்குக் காபி பிடிக்கும். 'மி' என்பது 'எனக்கு'. இந்த இடத்தில் ஆங்கிலப் புத்தகங்கள் பக்கம் பக்கமாக விளக்கம் கொடுக்கும், ஏனென்றால் அவர்கள் மொழியில் 'நான்' தான் விரும்ப வேண்டும். நமக்கு இது வீட்டில் பேசுகிற வாக்கியம். 'மி செம்ப்ரா' எனக்குத் தோன்றுகிறது, 'மி செர்வே' எனக்குத் தேவை, 'மி ஃபா மாலே லா தெஸ்தா' எனக்குத் தலை வலிக்கிறது. எல்லாம் 'எனக்கு'தான். ஒரே வித்தியாசம், பிடித்தது பன்மையானால் அவர்கள் வினையை மாற்றுவார்கள்: காபி என்றால் பியாச்சே, புத்தகங்கள் என்றால் பியாச்சொனோ. அதே மாதிரி, 'வந்தேன்' என்றாலே நான் என்பது விளங்கிவிடுவது போல 'பார்லோ' என்றாலே நான் பேசுகிறேன் என்பது விளங்கிவிடும், 'நான்' என்ற சொல்லை விட்டுவிடலாம். நீ, நீங்கள் என்ற வேறுபாடும் இருக்கிறது: தெரிந்தவரிடம் 'து', தெரியாத பெரியவரிடம் 'லேய்'. யாரிடம் எதைப் பயன்படுத்துவது என்று தமிழருக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆக, இத்தாலிய வாக்கியத்தை மனதில் ஆங்கிலத்துக்கு மாற்றி, அங்கிருந்து புரிந்துகொள்ளும் பழக்கத்தை முதல் நாளே விட்டுவிடுங்கள். பல இடங்களில் தமிழிலிருந்து நேராகப் போவது குறுக்கு வழி.

சொற்களுக்கு மட்டும் ஆங்கிலம் உதவும், அதைப் பிறகு சொல்கிறேன்.

உச்சரிப்பில் நமக்கு ஒரு பலமும் ஒரு பொறியும் இருக்கின்றன. ஒற்றை மெய், இரட்டை மெய் வேறுபாடு இத்தாலியனில் பொருளையே மாற்றும். நோனோ என்றால் ஒன்பதாவது, நொன்னோ என்றால் தாத்தா. பாலா என்றால் மண்வாரி, பல்லா என்றால் பந்து. பலத்துக்கும் பல்லுக்கும் வேறுபாடு தெரிந்த காதுக்கு இது பிரச்சினையே இல்லை, ஆங்கிலேயர்கள் இதைப் பழகப் படாதபாடு படுவார்கள். பொறி எங்கே என்றால் வல்லினத்தில். தமிழில் உயிர்களுக்கு நடுவே ஒற்றையாக வரும் க, த, ப மெலிந்து ஒலிக்கும், இரட்டித்தால்தான் வல்லோசை. இத்தாலியனில் ஒற்றையாக வந்தாலும் அது வல்லோசைதான், ஆனால் இரட்டை அளவுக்கு அழுத்தக் கூடாது. தாகம் என்பதற்கான சொல்லை நாம் மெலிதாகச் சொன்னால் அது அலுவலகம் இருக்கும் இடம் என்று பொருள்படும் 'சேதே' ஆகிவிடும், அழுத்திச் சொன்னால் ஏழு என்று பொருள்படும் 'செத்தே' ஆகிவிடும். சரியான ஒலி இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது, அதை எழுதிக் காட்டத் தமிழில் எழுத்து இல்லை. நண்பன் என்ற சொல்லையும் 'அமிகோ' என்று தமிழ் முறையில் படித்தால் ஸ்பானியச் சொல்லாகிவிடும். இந்தக் கட்டுரையில் எல்லாவற்றையும் தமிழ் எழுத்தில் எழுதியிருந்தாலும் உங்கள் நோட்டில் ரோமன் எழுத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள் என்று சொல்வது அதனால்தான். இந்தப் பொறியை எந்த ஆங்கில வழிப் பாடமும் சொல்லித்தராது, காதால்தான் பிடிக்க வேண்டும்.

சரி, வழிகளுக்கு வருவோம்.

செயலிகளில் எல்லோருக்கும் தெரிந்தது டுவோலிங்கோ. இலவசம், தொடங்குவது சுலபம், பஸ்ஸில் உட்கார்ந்தபடி பத்து நிமிடம் செய்யலாம். அதன் உண்மையான பயன், தினமும் மொழியைத் தொட வைப்பது. அதைக் குறைத்து மதிப்பிட மாட்டேன், பாதியில் விடுபவர்கள் பெரும்பாலும் விடுவது கடினம் என்பதால் அல்ல, நான்கு நாள் இடைவெளி விழுந்ததால்தான். ஆனால் அங்கே நடப்பது என்ன என்று பாருங்கள். 'பெண் ஆப்பிள் சாப்பிடுகிறாள்' என்ற மாதிரி ஒரு வாக்கியம் வரும், கீழே சொற்கள் கட்டம் கட்டமாக இருக்கும், வரிசைப்படுத்தித் தட்டுவீர்கள், சரி என்று மணி அடிக்கும். நீங்கள் செய்தது கண் முன்னே இருந்த சொல்லை அடையாளம் கண்டது மட்டும். தபால் நிலையத்தில் கண் முன்னே கட்டங்கள் இருக்காது, வெறும் தலையிலிருந்து சொல்லை எடுக்க வேண்டும், அதுவும் எதிரே நிற்பவர் காத்திருக்கும்போது. அந்தத் திறமை வேறு, அதற்கான பயிற்சி செயலியில் மிகக் குறைவு. இலக்கண விளக்கமும் போதாது: ஒரே 'த' (the) என்ற ஆங்கிலச் சொல்லுக்கு இல், லோ, லா, ஈ, ல்யீ, லே என்று இத்தனை வடிவங்கள் ஏன் என்பதைத் தவறு செய்து செய்து ஊகித்துக்கொள் என்று விட்டுவிடும். ஒரு மேசையில் உட்கார்ந்து பதினைந்து நிமிடத்தில் புரிந்துகொள்ளக்கூடியதை வாரக்கணக்கில் ஊகிப்பது நேர விரயம். செயலியைத் துணையாக வைத்துக்கொள்ளுங்கள், அதையே முழுப் பாடமாக வைத்துக்கொள்ளாதீர்கள்.

காதால் கேட்டு வாயால் சொல்லும் பாடங்கள்தான் தொடக்கக்காரருக்கு என் முதல் தேர்வு. இதில் மூன்றை ஒப்பிடலாம்.

பிம்ஸ்லர் பாடம் ஒவ்வொன்றும் ஏறக்குறைய அரை மணி நேரம், ஒரு நிலைக்கு 30 பாடம், ஒரு நாளைக்கு ஒன்று. பால் பிம்ஸ்லர் 1967இல் எழுதிய ஆய்வின்படி, ஒரு சொல்லைக் கற்றதும் சில வினாடி கழித்துக் கேட்பது, பிறகு சில நிமிடம் கழித்து, பிறகு மறுநாள் என்று இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போகும் முறை அது. ஒலிகளைச் சொல்லித்தரும் விதம் அருமையானது: நீளமான சொல்லைக் கடைசி அசையிலிருந்து பின்னோக்கி உடைத்துச் சொல்லவைப்பார்கள், கடைசி அசை, கடைசி இரண்டு அசை, பிறகு முழுச் சொல். மேலே சொன்ன வல்லினப் பொறிக்கு இதைவிட நல்ல மருந்து எனக்குத் தெரியவில்லை, ஏனென்றால் எழுத்தே கண்ணில் படாததால் தமிழ் முறையில் படித்துத் தொலைக்கும் வாய்ப்பே வராது. குறை என்னவென்றால் காசு, மாதச் சந்தா நம் கணக்குக்கு அதிகம், கற்கும் சொற்களும் குறைவு, வேகமும் குறைவு. பிரயாணி ஒருவர் ஓட்டலில் பேசும் பேச்சு நிறைய.

லாங்குவேஜ் டிரான்ஸ்ஃபர் முழுக்க இலவசம், விளம்பரமும் இல்லை. மிஹாலிஸ் எலெஃப்தெரியு என்பவர் எதிரே ஒரு மாணவரை உட்காரவைத்துப் பாடம் நடத்துகிறார், நாம் கூடவே உட்கார்ந்திருப்போம். அவர் கேள்வி கேட்டதும் ஒலிப்பதிவை நிறுத்திவிட்டு, அந்த மாணவர் சொல்வதற்கு முன் நாம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும், இந்த ஒரு விதியை மீறினால் பாடத்தின் பயனே போய்விடும். மனப்பாடம் செய்யாதே என்பது அவர் முறை, வாக்கியத்தை யோசித்துக் கட்டவைப்பார். இங்கேதான் நம் ஆங்கிலம் கைகொடுக்கிறது. ஆங்கிலத்தில் 'ஷன்' என்று முடியும் சொற்களில் மிகப் பல இத்தாலியனில் 'த்ஸியோனே' என்று முடியும்: சிச்சுவேஷன் என்பது சித்துவாத்ஸியோனே, பிரிபரேஷன் என்பது பிரெப்பராத்ஸியோனே. அந்த முடிவை எடுத்துவிட்டு 'ஆரே' சேர்த்தால் பெரும்பாலும் வினைச்சொல் கிடைக்கும், பிரெப்பராரே என்றால் தயார் செய்தல். பள்ளியிலிருந்து ஆங்கிலம் படித்து வந்த ஒருவரிடம் இப்படி நூற்றுக்கணக்கான சொற்கள் ஏற்கெனவே கையில் இருக்கின்றன. குறை, இது அறிமுக அளவிலான பாடம், அவரே அதை அறிமுகம் என்றுதான் பெயரிட்டிருக்கிறார். அவருடைய ஸ்பானியப் பாடம் இதைவிட நீளம். அப்புறம், இதில் இத்தாலியர் பேசுவதைக் கேட்கும் வாய்ப்பு குறைவு, மாணவரின் உச்சரிப்பை நகலெடுக்காதீர்கள்.

காஃபி பிரேக் இத்தாலியன் ஸ்காட்லாந்திலிருந்து வரும் பாட்காஸ்ட். இதமாக இருக்கும், கேட்க நன்றாக இருக்கும், ஆனால் மற்ற இரண்டைப் போல உங்களைப் பேசச் சொல்லி நெருக்காது. நடைப்பயிற்சிக்குச் சரி.

காசு ஒரு பொருட்டில்லை என்றால் பிம்ஸ்லரின் முதல் நிலையையும் லாங்குவேஜ் டிரான்ஸ்ஃபரையும் சேர்த்துச் செய்யுங்கள், ஒன்று ஒலிக்கு, மற்றொன்று கட்டமைப்புக்கு. ஒன்றுதான் முடியும் என்றால் இரண்டாவது, தயக்கமே வேண்டாம்.

புத்தகம் என்று வந்தால், ஃப்ளோரன்ஸின் ஆல்மா பதிப்பகத்துடைய நுவோவோ எஸ்ப்ரெஸ்ஸோ, எடிலிங்குவாவின் நுவோவோ ப்ரொஜெத்தோ இத்தாலியானோ இரண்டும் உலகமெங்கும் வகுப்புகளில் நடத்தப்படுபவை. நல்ல புத்தகங்கள், ஆனால் முழுக்க இத்தாலியனிலேயே எழுதப்பட்டவை, ஆசிரியர் முன்னால் இருப்பார் என்று நம்பி எழுதப்பட்டவை. தனியாக வாங்கி வைத்துக்கொண்டு தடுமாற வேண்டாம். தனியாகப் படிக்கிறவர் வாங்க வேண்டியது, பின்பக்கம் விடைகளோடு வரும் பயிற்சி நூல் ஏதாவது ஒன்று, ஆல்மாவிலேயே கிராமாத்திக்கா ப்ராத்திக்கா என்று ஒன்று இருக்கிறது. சொற்களின் பாலும், அதற்கேற்ப மாறும் இல், லோ, லா என்ற அந்த ஆறேழு முன்னொட்டுகளும் நமக்கு முற்றிலும் புதியவை. தமிழில் மேசைக்கும் நாற்காலிக்கும் ஆண் பெண் கிடையாது, ஆங்கிலத்திலும் கிடையாது, ஆக இங்கே எந்தக் குறுக்கு வழியும் இல்லை, எழுதி எழுதித்தான் கைக்கு வர வேண்டும். சொல்லைத் தனியாக எழுதாமல் எப்போதும் முன்னொட்டோடு சேர்த்தே எழுதி வையுங்கள்.

வகுப்பு மாதிரி ஒழுங்காக, ஆனால் இலவசமாக வேண்டும் என்பவருக்கு எட்எக்ஸ் தளத்தில் அமெரிக்காவின் வெல்லெஸ்லி கல்லூரி நடத்தும் தொடக்க இத்தாலியன் பாடம் இருக்கிறது. சான்றிதழ் வேண்டாம் என்றால் காசு கட்டத் தேவையில்லை. வீடியோ, இலக்கணம், கேட்கும் பயிற்சி எல்லாம் வரிசையாக வரும். புத்தகத்துக்குப் பதில் இதையே வைத்துக்கொள்ளலாம்.

ஆசிரியர் விஷயத்துக்கு வருகிறேன், இதில்தான் பலர் தாமதிக்கிறார்கள். "கொஞ்சம் படித்துவிட்டு அப்புறம் ஆசிரியரிடம் போகிறேன்" என்கிறார்கள், அந்த 'கொஞ்சம்' ஒரு வருடம் ஆகிவிடுகிறது. ஒரு மாதம், அதிகபட்சம் இரண்டு மாதம் கேட்டுப் பழகும் பாடம் செய்ததுமே வாரம் ஒரு முறையாவது மனிதரோடு பேசத் தொடங்க வேண்டும். இத்தாக்கி, பிரெப்ளி மாதிரி தளங்களில் ஆசிரியர்கள் கிடைப்பார்கள். இத்தாக்கியில் ஒவ்வொரு பாடத்துக்கும் தனித்தனியாகக் காசு கட்டலாம், பிரெப்ளியில் ஒரு பாடம் பார்த்துவிட்டு மாதச் சந்தாவுக்குப் போக வேண்டும். கையில் காசு இருக்கும் வாரம் மட்டும் படிக்கிறவருக்கு முதலாவது வசதி. அங்கே பயிற்சி பெற்ற ஆசிரியர் என்றும் பேச்சுத் துணை என்றும் இரண்டு வகை உண்டு, இரண்டாவது மலிவு. தொடக்கக்காரர் முதலில் பயிற்சி பெற்றவரிடம்தான் போக வேண்டும், பேச்சுத் துணை ஏ2 தாண்டியதும்.

ஆசிரியரிடம் என்ன கிடைக்கிறது என்பதை ஒரு கேள்வியில் காட்டிவிடலாம். நேற்று என்ன செய்தாய் என்று கேட்பார். நான் சந்தைக்குப் போனேன் என்று சொல்ல நினைத்து, 'சாப்பிட்டேன்' என்பதற்கு 'ஓ மஞ்சாத்தோ' என்று படித்த நினைவில் 'ஓ அந்தாத்தோ' என்பீர்கள். அவர் நிறுத்தி, 'சோனோ அந்தாத்தோ' என்று திருத்துவார், போதல், வருதல் மாதிரி வினைகளுக்குத் துணைவினை வேறு. சொல்கிறவர் பெண் என்றால் 'சோனோ அந்தாத்தா', வினையின் வால் மாறும். மீண்டும் கேட்பார், மீண்டும் தடுமாறுவீர்கள், மூன்றாவது முறை தானாக வரும். இந்தத் திருத்தத்தை, நீங்கள் சொல்ல நினைத்த உங்கள் சொந்த வாக்கியத்தில், அந்தக் கணத்திலேயே தர எந்தப் புத்தகத்தாலும் முடியாது. வல்லின ஒலிகளையும் அவரிடமே சொல்லிவைத்துத் திருத்தச் சொல்லுங்கள். கூச்சம் வேண்டாம், அதற்குத்தான் காசு கட்டுகிறீர்கள்.

தனி ஆசிரியரா, குழு வகுப்பா என்றால், பேச்சுக்குத் தனி ஆசிரியர், தொடர்ந்து போவதற்குக் குழு. இந்தியாவில் இத்தாலிய அரசின் கலாச்சார மையங்கள் டெல்லியிலும் மும்பையிலும் இருக்கின்றன, மொழி வகுப்பும் நடத்துகின்றன. எட்டுப் பேர் உட்காரும் வகுப்பில் ஒரு மணி நேரத்தில் நீங்கள் பேசும் நேரம் எவ்வளவு என்று கணக்குப் போட்டுக்கொண்டு சேருங்கள்.

ஏற்கெனவே இத்தாலியில் இருப்பவர்கள் இதற்கெல்லாம் காசு செலவழிக்கும் முன் பக்கத்தில் இருப்பதைப் பார்க்க வேண்டும். சிபிஐஏ என்ற அரசு முதியோர் கல்வி மையங்கள் பெரும்பாலான மாகாணங்களில் உண்டு, வெளிநாட்டவருக்கு எழுத்தறிவு நிலையிலிருந்து பி1 வரை மொழி வகுப்பு நடத்துகின்றன, கட்டணம் இல்லை அல்லது பெயருக்குத்தான். பலெர்மோவில் இலங்கைத் தமிழர்கள் தலைமுறைக் கணக்கில் வாழ்கிறார்கள், பிள்ளைகள் பள்ளியில் இத்தாலியன் பேசி வளர்ந்துவிடுகிறார்கள், பெற்றோர் வேலைக்குத் தேவையான அளவோடு நின்றுவிடுகிறார்கள். அப்படிப்பட்ட அம்மா அப்பாவுக்கு என் பதில் செயலி அல்ல, இந்த மாலை நேர வகுப்புதான். மாணவர்களுக்கும் பல பல்கலைக்கழகங்களின் மொழி மையங்களில் இலவச இத்தாலியன் வகுப்பு உண்டு, இடங்கள் சீக்கிரம் நிரம்பிவிடும், சேர்ந்த வாரமே கேளுங்கள்.

சான்றிதழ் வேண்டியவர்கள் ஒரு குழப்பத்தைத் தவிர்க்க வேண்டும். நீண்டகாலத் தங்குமிட அனுமதிக்கு ஏ2, 2018 டிசம்பரிலிருந்து திருமணம் மூலமோ வசிப்பு மூலமோ குடியுரிமை கேட்பவர்களுக்குப் பொதுவாக பி1, இத்தாலிய வழிப் பட்டப்படிப்புக்கு பி2. சியெனாவிலுள்ள வெளிநாட்டவர் பல்கலைக்கழகத்தின் சில்ஸ் தேர்வில் 'ஒன்று' என்றால் பி1. பெருஜாவிலுள்ள வெளிநாட்டவர் பல்கலைக்கழகத்தின் செலி தேர்வில் 'ஒன்று' என்றால் ஏ2, பி1 வேண்டுமென்றால் செலி இரண்டு எழுத வேண்டும். எண்ணைப் பார்த்துக் கட்டணம் கட்டாமல் நிலையின் பெயரைப் பார்த்துக் கட்டுங்கள். தாந்தே அலிகியேரி சங்கத்தின் ப்ளிடா, ரோமா த்ரே பல்கலைக்கழகத்தின் தேர்வு இரண்டும் இதே மதிப்புள்ளவை, எது உங்கள் ஊருக்கு அருகில் நடக்கிறதோ அதை எழுதலாம். தேர்வுக்கு இரண்டு மூன்று மாதம் முன்பே அந்தத் தேர்வின் பழைய வினாத்தாளோடு ஆசிரியரிடம் உட்காருங்கள், இந்தக் கட்டத்தில் செயலியைத் திறக்கவே வேண்டாம்.

எவ்வளவு காலம் ஆகும் என்று கேட்பவர்களுக்கு: அமெரிக்க வெளியுறவுத் துறை தன் அதிகாரிகளை வேலைக்குத் தயார் செய்ய, ஆங்கிலம் பேசுகிறவர்களுக்குச் சுலபமான மொழிகளில் ஒன்றாக இத்தாலியனை வைத்து, ஏறக்குறைய 24 வாரம் முழுநேர வகுப்பு ஒதுக்குகிறது. வேலைக்கும் போய்க்கொண்டு தினம் ஒரு மணி நேரம் தருகிறவர் மூன்று மாதத்தில் சரளம் என்ற விளம்பரங்களை நம்ப வேண்டாம். ஆனால் தபால் நிலையம், வீட்டு வாடகை, மருந்துக்கடை என்ற அளவுக்கு ஆறு மாதம் நியாயமான இலக்கு.

ஆறு மாதத்தில் கிளம்பப் போகும் மாணவர் என்றால் நான் போட்டுத்தரும் வரிசை இதுதான். முதல் இரண்டு மாதம் லாங்குவேஜ் டிரான்ஸ்ஃபர், கூடவே இரவில் அரை மணி நேரம் பயிற்சி நூல். மூன்றாம் மாதத்திலிருந்து வாரம் ஒரு ஆசிரியர் வகுப்பு, மீதி நாட்களில் வெல்லெஸ்லி பாடம். நான்காம் மாதம் ஈஸி இத்தாலியன் என்ற யூடியூப் சேனலில் தெருவில் போகிறவர்களிடம் எடுக்கும் பேட்டிகளைத் திரையில் வரும் வசன வரிகளோடு பாருங்கள், பாடத்தில் கேட்ட வேகத்துக்கும் மக்கள் பேசும் வேகத்துக்கும் உள்ள தூரம் அப்போதுதான் தெரியும். கடைசி மாதம் ஆசிரியரோடு நாடகம் போல நடித்துப் பழகுங்கள், அவர் தபால் நிலையக்காரர், நீங்கள் விண்ணப்பத்தோடு நிற்பவர், அடுத்த வாரம் அவர் வீட்டு உரிமையாளர். போகும் ஊர் நேப்பிள்ஸோ பலெர்மோவோ என்றால் தெருவில் கேட்பது நீங்கள் படித்த இத்தாலியனாக இருக்காது, அங்கே வட்டார மொழியே தனி. பயப்பட வேண்டாம், நீங்கள் பேசுவது அவர்களுக்குப் புரியும், 'மெதுவாகச் சொல்லுங்கள்' என்று கேட்டால் பள்ளியில் படித்த இத்தாலியனுக்கு மாறிக்கொள்வார்கள்.